இரண்டாவது வெடி

எங்கள் பாடசாலையின் விளையாட்டு அறைக் கதவுக்கு மேலே, வெள்ளை அட்டையில் நீல மையால் எழுதிய ஒரு பட்டியல் தொங்கியது. ‘வெற்றிபெறும் விளையாட்டு வீரருக்குரிய ஏழு பண்புகள்’ என்பது தலைப்பு. கொழும்பில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த உடற்கல்வி ஆசிரியர் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால் அட்டையில் எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒழுங்கு, விடாமுயற்சி, நேரந்தவறாமை, தன்னம்பிக்கை, கவனம் சிதறாமை, விரைந்து முடிவெடுத்தல், பயிற்றுநர் சொல் கேட்டல். கடைசி வரிக்கு இடம் போதாமல் எழுத்து சிறுத்துவிட்டது. தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்குப் பண்புகள் ஆறுதான்.

அது யுத்த காலம். திருகோணமலையில் இந்தப் பண்புகளில் பாதியை எங்களுக்குப் படிப்பிக்க ஆசிரியர் தேவைப்படவில்லை. கடல்வழியாக மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகைத் தவறவிட்டவர்கள் அடுத்தது எத்தனை மணிக்கு என்று கேட்பதில்லை. அடுத்தது இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். நேரந்தவறாமை அப்படி வந்தது. ஒழுங்கு, சோதனைச் சாவடி வரிசையில் நின்று வந்தது. கவனம் சிதறாமை வேறு வழியில் வந்தது. துறைமுகத்தில் கடற்படையினர் தண்ணீருக்குள் வெடி போடுவார்கள். நீருக்கடியில் யாரும் நீந்தி வரக்கூடாது என்பதற்காக. வகுப்பறை யன்னல் கண்ணாடி ஒருமுறை அதிரும். கணித ஆசிரியை வசனத்தை நிறுத்தமாட்டார். நாங்களும் தலை நிமிர்த்தமாட்டோம்.

நான் சொல்லப்போகும் பெண், மூதூருக்கு அப்பால் உள்ள கிளிவெட்டி ஊர்க்காரி. வயல் செய்யும் குடும்பம். என்னைப் போலவே பாடசாலை விடுதியில் தங்கிப் படித்தாள். என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவளுடையது. நானூறு மீற்றர் ஓட்டத்தில் மாவட்டத்தில் அவளுக்கு முன்னால் ஓட ஒருவரும் இருக்கவில்லை. கணிதம் மட்டும் அவளுக்கு ஏலாது. உடற்கல்வி ஆசிரியையாக வரவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கான கல்லூரியில் பரீட்சைப் பெறுபேறு குறைந்தவர்களுக்கு ஒரு பக்கக் கதவு இருந்தது. அகில இலங்கைப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த சான்றிதழ்தான் அந்தக் கதவின் திறப்பு. அவளுக்கு அது கடைசி வருடம். அடுத்த வருடம் வயது கூடிவிடும்.

மாகாணப் போட்டியில் முதலாவதாக வந்து அகில இலங்கைக்குத் தெரிவானாள். எங்கள் நான்கு பேர் அஞ்சலோட்டக் குழுவும் தெரிவானது. நான்கு பேரில் மெதுவான ஆள் நான். எங்கள் தெரிவுக்குக் காரணம், வரவேண்டிய வேறொரு குழுவின் பஸ் வழியில் மறிக்கப்பட்டுக் கந்தளாய்க்கு இப்பால் வரவில்லை என்பது.

இனித்தான் சிக்கல். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஓட்டத்தைத் தொடக்கத் துப்பாக்கி கிடையாது. விளையாட்டுத் துப்பாக்கிக்கும் அனுமதி வேண்டும்; அனுமதி கேட்டு எழுதுவதற்கு ஒருவரும் முன்வரவில்லை. இரண்டு பலகைகளைப் பிணைச்சலால் இணைத்து, கைதட்டுவதுபோல் அடிப்பார்கள். யாராவது முந்திப் புறப்பட்டால் விசில் ஊதித் திருப்பி அழைப்பார்கள். கொழும்பில் அப்படியில்லை, அங்கே துப்பாக்கி. பலகைக்குப் பழகிய பிள்ளைகள் வெடிக்கு எப்படிப் புறப்படுவார்கள் என்று ஆசிரியருக்குக் கவலை வந்தது.

சந்தைக்குப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் சீனி கட்டும் கடதாசிப் பைகளை இலவசமாகத் தந்தார். பையை ஊதி, கையால் அடித்து வெடிக்கவைப்பது என் பொறுப்பானது. முதல் நாள் முதல் பையை வெடித்தேன். குந்தி நின்ற நான்கு பேரில் ஒருத்தியும் அசையவில்லை. வீதிக்காவலில் நின்ற கடற்படைச் சிப்பாய்தான் ஓடிவந்தார். ஆசிரியர் கிழிந்த பையைக் காட்டினார். சிப்பாய் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இனிமேல் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டிச் சொல்லும்படி சிங்களத்தில் கேட்டுக்கொண்டு போனார்.

ஆசிரியர் எங்கள் பக்கம் திரும்பினார். ஏன் புறப்படவில்லை என்று கேட்டார். கிளிவெட்டிக்காரிதான் பதில் சொன்னாள்.

“அடுத்தது கேக்குதோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனாங்கள் சேர்.”

“என்னத்துக்கு அடுத்தது?”

“ஒரு வெடிக்கு ஆர் சேர் ஓடுறது?”

அவர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்து ஆறு மாதம்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் நடந்து பழகும் வயதிலேயே படிந்துவிடும் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு வெடி என்றால் துறைமுகமாக இருக்கலாம், மீனுக்குப் போட்ட வெடியாக இருக்கலாம், லொறியின் ரயர் வெடித்ததாகவும் இருக்கலாம். அதற்கு நின்று கேட்கவேண்டும். உடனே இரண்டாவது கேட்டால் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடவேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது.

ஆசிரியர் சளைக்கவில்லை. ஆறு வாரம், பின்னேரம் நாலரைக்கு, ஒரு நாளைக்குப் பத்துப் பை. பட்டியலில் இருந்த விடாமுயற்சி அவரிடமும் இருந்தது. முதல் வாரம் கிளிவெட்டிக்காரி வெடிக்குப் பிறகு மூச்சை இழுத்துவிட்டுப் புறப்பட்டாள். மூன்றாம் வாரம் கொஞ்சம் யோசித்துப் புறப்பட்டாள். ஆறாம் வாரம் பை வெடித்து என் கையில் எரிவு தெரிவதற்குள் அவள் வளைவில் இருந்தாள். முதல் வெடிக்கு ஓடும் ஒரு பிள்ளையை ஆசிரியர் உருவாக்கிவிட்டார். இரண்டாவது வெடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பை ஒருமுறைதான் வெடிக்கும். அதனால் அந்தப் பேச்சு வரவேயில்லை. ஓடும்போது திரும்பிப் பார்க்கவே கூடாது என்று மட்டும் தினமும் சொன்னார். அது அவளுக்கு ஏற்கனவே தெரியும்.

கொழும்புக்குப் போன வழியில் எங்கள் பயணப்பைகளில் அதிகம் சந்தேகத்துக்குள்ளானவை இரண்டு. ஒன்று, கிளிவெட்டிக்காரி இரவல் வாங்கியிருந்த, அடியில் ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து. மற்றது, ஆசிரியரின் நிறுத்தற் கடிகாரம். ஒவ்வொரு சாவடியிலும் அவர் அதை ஓடவிட்டு நிறுத்திக் காட்டவேண்டியிருந்தது. கொழும்பு போய்ச்சேர்ந்தபோது அது நன்றாகப் பழக்கப்பட்டிருந்தது. தங்குமிடத்தில் இறங்கியதும் முதல் வேலையாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பெயர் பதிந்தோம். என்ன நோக்கத்துக்காக வந்தீர்கள் என்ற கேள்விக்கு, ஓடுவதற்காக என்று ஆசிரியர் எழுதினார். பதிவு செய்தவர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

அஞ்சலோட்டத்தில் நாங்கள் முதல் சுற்றோடு வெளியே வந்துவிட்டோம். அதனால் நானூறு மீற்றர் இறுதி ஓட்டத்தை ஆசிரியருக்குப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. தெரிவு ஓட்டத்தில் கிளிவெட்டிக்காரி பிரச்சினை இல்லாமல் ஓடியிருந்தாள். இறுதியில் அவளுக்கு எட்டாவது பாதை கிடைத்தது. அது வெளிப்பக்கம். வளைவைச் சமப்படுத்துவதற்காக எட்டாவது பாதையில் நிற்பவரை எல்லாருக்கும் முன்னால் நிறுத்துவார்கள். அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. மற்ற ஏழு பேரும் முதுகுப் பக்கம்.

வெடி கேட்டது. எட்டுப் பேரிலும் சுத்தமாகப் புறப்பட்டவள் அவள்தான். ஆறு வாரத்துப் பைகள் வீண்போகவில்லை. அடுத்த நொடியே இன்னொரு வெடி கேட்டது.

மூன்றாவது பாதையில் நின்ற பெண் முந்திப் புறப்பட்டுவிட்டாள். அப்படி நடந்தால் துப்பாக்கியை இரண்டாவது முறை சுடுவார்கள். எல்லாரும் நின்று திரும்பி வரவேண்டும். ஏழு பேர் நின்றார்கள். எட்டாவது பெண் அந்தச் சத்தத்தோடு ஓட்டத்தின் வேகத்தையே மாற்றினாள். அவள் அப்படி ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளைத் தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். பார்வையாளர் பக்கம் சத்தம் போட்டது. இரண்டு வெடிக்குப் பிறகு சனம் சத்தம் போட்டால் நிற்பதற்கு அவள் எங்கும் பழகியிருக்கவில்லை. ஆசிரியர் “நில்லு பிள்ளை, நில்லு” என்று தொண்டை அடைக்கக் கத்தினார். கடிகாரத்தை மட்டும் அவரும் நிறுத்த மறந்துவிட்டார்.

அவள் நானூறு மீற்றரையும் தனியாக ஓடி முடித்தாள். கோட்டைத் தாண்டியபோது ஆசிரியரின் பெருவிரல் தானாக அமுக்கியது. முள்ளைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன்.

அதிகாரிகள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஏன் நிற்கவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். ஆசிரியர் அதைத் தமிழில் கேட்டார்.

“ரெண்டாவது வெடி கேட்டதெல்லே? ஏன் நிக்கேல்லை?”

“ரெண்டாவது கேட்டபடியாத்தான் சேர் கெதியா ஓடினனான்.”

ஆசிரியர் அதிகாரியிடம், கிராமத்துப் பிள்ளை, போட்டி விதிகள் சரியாகத் தெரியாது என்று மொழிபெயர்த்தார். அதிகாரி நல்ல மனிதர். மற்றவர்கள் காத்திருந்தபோதும் அவளுக்காக ஓட்டத்தைக் கால்மணி நேரம் தள்ளிவைத்தார். கால்மணி நேரத்தில் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்; தேசிக்காய்த் தண்ணீர் குடித்தாள்; மறுபடி எட்டாவது பாதையில் போய்க் குந்தினாள். இந்தமுறை ஒரே வெடிதான். ஆறாவதாக வந்தாள். வெற்றிபெற்ற பெண்ணின் நேரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அது ஆசிரியரின் கடிகாரத்தில் நின்ற நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

திரும்பி வந்ததும் ஆசிரியர், அவள் தனியாக ஓடிய நேரத்தை ஏற்கும்படி ஆங்கிலத்தில் மூன்று பக்கத்துக்கு ஒரு மேன்முறையீடு எழுதினார். அதன் பிரதியை விடுதியில் எங்களுக்கு வாசித்தும் காட்டினார். ஏழு பண்புகளும் அதில் இடம்பெற்றிருந்தன. பதில் இரண்டு மாதத்தில் வந்தது. குறிப்பிட்ட தினத்தில் அப்படியொரு ஓட்டம் நடைபெற்றதாகப் பதிவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். பிறகு நான் பத்திரிகை வேலையில் எத்தனையோ மறுப்பறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமானதும் பிழையில்லாததுமான ஒன்றைப் பார்த்ததில்லை.

பதில் வந்த மறுநாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, பட்டியலில் எட்டாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். ‘இரண்டாவது வெடிக்கு நின்று திரும்பி வருதல்.’ அட்டையில் இடமில்லை. கீழே இன்னொரு துண்டு ஒட்டி எழுதினேன். அது இரண்டு நாள்தான் இருந்தது. பாடசாலை அதிபர் அந்தப் பக்கம் வந்தவர் நின்று வாசித்தார். ஆசிரியரைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

“சின்னப் பிள்ளையளும் இந்த வழியாலதான் போறவை. ஆரும் இதை வாசிச்சுப் பழகினா, தாய் தேப்பனுக்கு நீங்களோ பதில் சொல்லுவீங்கள்?”

துண்டைக் கிழித்தது நான்தான். பசையோடு ஏழாவது வரியும் கொஞ்சம் உரிந்து வந்தது. பயிற்றுநர் சொல் கேட்டல் என்பதில் ‘பயிற்றுநர்’ மட்டும் மிஞ்சியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடுதியில் பெற்றோர் வரும் நாள். கிளிவெட்டியிலிருந்து அவளுடைய அம்மா லோஞ்சில் வந்திருந்தார். வாழையிலையில் கட்டிய சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்தார். எனக்கும் சேர்த்துத்தான். கொழும்பில் நடந்ததை அவர் அதுவரை முழுதாகக் கேட்டிருக்கவில்லை. சான்றிதழ் இல்லை, கல்லூரி இல்லை என்பது மட்டும் தெரியும். அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். அவள் விட்ட இடங்களை நான் நிரப்பினேன். முடிந்த பிறகுதான் அம்மா கேட்டார்.

“மற்றப் பிள்ளையள் ஏன் நிண்டதுகள்?”

அங்கே விதி அப்படி, இரண்டாவது வெடிக்கு எல்லாரும் நின்று வெடி வந்த பக்கம் திரும்பி நடக்கவேண்டும் என்று விளங்கப்படுத்தினோம்.

“வெடி வைச்ச ஆளிட்டையோ?”

“ஓம் அம்மா.”

அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். முகத்தில் இருந்த கவலை கொஞ்சம் குறைந்ததுபோல் எனக்குப் பட்டது.

“அப்ப நீ அங்க படிக்கப் போகாதது நல்லது, பிள்ளை.”

அவள் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். துறைமுகப் பக்கம் ஒரு வெடி கேட்டது. மூன்று பேரும் கையை நிறுத்தி அடுத்ததற்காகக் காத்திருந்தோம். வரவில்லை. அவள் மறுபடி சாப்பிடத் தொடங்கினாள்.