சுடுமண்ணில் முட்டையிட்ட பறவை

எழுதிப் பழக்கமில்லாத கை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. முன்னே பின்னே மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கையில் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் நான் ஆயா. தொரைக்கு லீவு கிடைத்து, ஜாவாவுக்கும் அப்பால் தீவுகள் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் அவர்கள் மகள், நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். அதனால் நானும் போக வேண்டியதாயிற்று. அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த என் மகளை, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டில் நாத்தனாரிடம் விட்டேன்.

"நீங்க திரும்பி வர்றப்ப என்னையத்தான் அம்மான்னு கூப்பிடுவா, பாருங்க அண்ணி," என்றாள். விளையாட்டுக்குத்தான். அந்தப் பேச்சு கப்பலிலும் என்னோடு வந்தது.

சின்னக் கப்பல். அதில் சேலை கட்டினவள் நான் ஒருத்திதான். தீவுக்குத் தீவு நிறுத்திப் படகில் இறக்குவார்கள். ஒரு தீவில் மலை உச்சியிலிருந்து, தேயிலை ஸ்டோர் புகைபோக்கி போலப் புகை. தீக்குச்சி உரசின வாடை. மணல் கறுப்பு, வெறுங்காலில் அடியிலிருந்தே சூடு ஏறியது. ஆள் நீள உடும்பு ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் நடந்து போனது.

அங்கேதான் அந்தப் பறவை. கோழி அளவு இருக்கும். சுடுமண்ணைக் காலால் கிளறி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விட்டது.

"அடை காக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"மண் சூடு, ஆயா. அது போதும். குஞ்சு தானா வரும், தானா ஓடும். அம்மா தெரியாது," என்றார் தொரைசாணி, தமக்குத் தெரிந்த தமிழில்.

கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டாலும், பால் கொடுக்க இடையில் ஓடி வருவார்கள். இது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மிஸ்ஸி என் முந்தானையை இழுத்தாள். "ஒன் பாப்பா கோழியா, ஆயா?"

"இல்ல, மிஸ்ஸி."

"அப்ப ஏன் அழுவுற? பைத்தியக்கார ஆயா!"

அழுதுகொண்டே சிரித்தேன்.

திரும்பி வந்தபோது என் மகள் நடந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நாத்தனாரின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். கேலி பேச வாயெடுத்த நாத்தனார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் தானாகவே வந்தாள். பால் குடிக்கும்போது இழுப்பாளே, அதே மாதிரி என் தொங்கட்டானைப் பிடித்து இழுத்தாள்.

"அடியே, காதைப் பிச்சுராத!" என்றாள் நாத்தனார்.

"பிச்சா பிச்சுட்டுப் போறா, விடு," என்றேன்.

அந்தத் தீவின் பெயரும் பறவையின் பெயரும் எனக்குத் தெரியாது. மண்சூட்டிலேயே குஞ்சு பொரிப்பது மெய்தானா என்று, படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக்கொடுங்கள்.