அத்தை கேட்டு வாங்கிய குற்றம்

எங்கள் குடும்பத்தில் ஒரு குற்றவாளி உண்டு. இதை எழுத வேண்டாம் என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் கோர்ட், அபராதம் என்ற பேச்செல்லாம் எதற்கு என்கிறாள் மகள். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. கடையில் மீதிக் காசு குறைந்தாலும் கேட்காமல் திரும்பி வந்துவிடுவேன். ஆனால் இந்த ஒன்றை மறைக்கச் சொன்னால் என்னால் முடியாது. அந்தக் குற்றவாளி தன் குற்றத்தைத் தானே தேடிப்போய், முத்திரை ஒட்டி, எழுத்தில் கேட்டு வாங்கியவள். அதை ஒளித்துவைக்க எனக்கு என்ன உரிமை?

அவள் என் அப்பாவின் அக்கா. புருஷனை இழந்த பிறகு எங்களோடு ஒரே லயக் காம்பராவில், தோட்டம் கொடுத்த ஒற்றை அறையில், இருந்தாள். இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அத்தையும் அம்மாவும் பால் வெட்டினார்கள். விடியும் முன்னே மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பகலில் ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கணக்கப்பிள்ளை அளந்து எழுதுவார். ஒருநாள் அளவு மேசையருகே அத்தை தன் வாளியை இரண்டு கையாலும் தூக்கி, அவர் தலையில் கவிழ்த்துவிட்டாள்.

ரப்பர் பால் தண்ணீருக்குப் போகாது. மயிரோடு சேர்ந்து காய்ந்து தோல் மாதிரி ஆகிவிடும். கணக்கப்பிள்ளை பசாரில் சலூனுக்குப் போய் மொட்டையோடு திரும்பினார். கதிர்காமத்துக்கு நேர்த்தி என்று சொல்லிக்கொண்டார். புருவத்திலும் பாதியைக் காணோம். எந்தச் சாமி புருவம் கேட்கும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அவர் பொலிஸுக்குப் போனார். வழக்கு டவுன் கோர்ட்டுக்கு வந்தது. அத்தையும் அம்மாவும் மட்டும் பஸ் ஏறிப் போனார்கள். அபராதத்தோடு முடிந்தது என்று சாயந்தரம் வந்து சொன்னார்கள். மறுநாள் இரண்டு பேரும் வழக்கம்போல மரம் வெட்டப் போனார்கள். அளவில் களவு செய்தார், அதனால் ஊற்றினாள் என்றுதான் எனக்கு வீட்டில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அது போதுமான காரணமாகவே தெரிந்தது.

ஒரு வருஷத்தில் கணக்கப்பிள்ளைக்கு மயிரும் வளர்ந்தது, ஒரு கதையும் வளர்ந்தது. அத்தை கோர்ட்டில் எல்லோரும் பார்க்க அவர் காலில் விழுந்து அழுதாள், அவர் மனமிரங்கி மன்னித்ததால்தான் ஜெயிலுக்குப் போகாமல் தப்பினாள் என்று. அன்றைக்குக் கோர்ட்டில் இருந்த எங்கள் ஆட்கள் மூன்றே பேர். ஒருவர் இந்தக் கதையைச் சொல்கிறவர். மற்றவள் அத்தை. மூன்றாவது அம்மா, அவள் அந்த வழக்கைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அந்த ஆடியில் மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்தான் கோயில் தலைவர். வீட்டுக்கு வீடு கோயில் வரி எடுக்க வந்த ஆட்கள் எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றார்கள். தலைவர் சொல்லியனுப்பினாராம்: கோர்ட்டில் விழுந்தவள் அம்மன் முன்னால் ஒரு தடவை விழுந்து மன்னிப்புக் கேட்டால் பிரச்சினை முடிந்தது, இல்லாவிட்டால் எங்கள் வீட்டு வரி வேண்டாம். வரி வேண்டாம் என்றால் பூசை இல்லை, பிரசாதம் இல்லை, நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதை முடிவு செய்வார்கள்.

அப்பா சண்டைக்குப் பயந்தவர். "ஒரு தடவ விழுந்துட்டா என்னக்கா. முடிஞ்சு போகும்" என்றார்.

"அப்ப நீ போய் விழு."

"நீ ஏற்கனவே விழுந்தவதானேங்கிறாங்க..."

"யாரு பாத்தா?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அத்தை என்னைப் பார்த்தாள். "ஏ குட்டி, நீ சிங்கள எழுத்து வாசிப்பதானே?"

எங்கள் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம். அதனால் என்னைக் கீழே கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். அத்தை சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவாள், எழுத்துத்தான் தெரியாது. நான் தலையாட்டினேன்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேணாம். கோர்ட்டுக்குப் போறோம்."

டவுன் கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் டைப்ரைட்டரோடு ஒரு சிங்கள மாத்தயா இருந்தார். பெட்டிசம், அதாவது மனு, எழுதிக்கொடுப்பவர். வெற்றிலை மென்றுகொண்டே அத்தை சொன்னதைக் கேட்டார். முடிந்த வழக்கின் கோவைகள் பின்பக்கத்து ரெக்கோட் ரூமில் இருக்கும், வழக்கு நம்பர் இருந்தால் உடனே தேடலாம், நம்பர் தெரியாவிட்டால் பெயரும் விசாரணை நடந்த நாளும் வேண்டும் என்றார்.

"பேரு மட்டும் போதாதா மாத்தயா?"

"உன் பேரில் எத்தனை பேர் அம்மா? தோட்டத்துக்குப் பத்துப் பேர் இருப்பீர்கள். நாள் சொல்லு."

அத்தை நாட்காட்டி பார்த்து வாழ்ந்தவள் அல்ல. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "போன வருஷம் ஆடி. சம்பளத்துக்கு முந்தின நாள். அன்னைக்கு வேலைக்குப் போகாததால எங்க ரெண்டு பேருக்கும் பேரு விழல. அடுத்த நாள் சம்பளத்த வாங்கிக்கிட்டுக் கணக்கப்புள்ளையப் பாத்துச் சிரிச்சேன்."

தோட்டத்துச் சம்பளம் பத்தாம் தேதி என்பது அவருக்கும் தெரியும். ஒன்பதாம் தேதி என்று தட்டினார். பிறகு நிமிர்ந்து, "எதற்கு என்று போட வேண்டும். வேலைக்கா? அப்பீலுக்கா?" என்று கேட்டார்.

"நான் குத்தவாளின்னு காட்ட."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "இத்தனை வருஷமாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். குற்றம் இல்லை என்று காட்டத்தான் ஆட்கள் வருவார்கள்."

"அவுங்களுக்கெல்லாம் கணக்கப்புள்ள இல்ல போல."

அவர் சிரித்ததில் வெற்றிலைச் சாறு டைப்ரைட்டர்மேல் தெறித்தது. சிரித்து முடித்ததும் நல்ல யோசனை ஒன்றும் சொன்னார். முழுக் கோவையும் கேட்காதே, நாளும் கூடும் செலவும் கூடும். கடைசி நாளில் நீதவான் எழுதிய பக்கத்தை மட்டும் கேள். உண்மைப் பிரதி என்று கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்காமல் ஜன்னலை விட்டு நகராதே. அவை இல்லாவிட்டால் அது வெறும் கடதாசி.

ரெக்கோட் ரூம் ஜன்னலுக்குப் பின்னால் கிளார்க் வேலையில் ஒரு நோனா, சிங்கள அம்மா, இருந்தார். விண்ணப்பத்தை வாசித்துவிட்டு, "அம்மா, இது உன்மேல் குற்றம் என்று தீர்ந்த வழக்கு. தெரியுமா?" என்றார் மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி.

அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள். "ஆமாங்க நோனா. அதுதான் வேணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் அத்தையின் சேலைக்குப் பின்னால் நகர்ந்தேன். அவள் என்னை முன்னால் இழுத்து நிறுத்தினாள். நோனா தடித்த பதிவேட்டைத் திறந்து, அந்த நாளைக் கண்டுபிடித்து, விரலால் வரிசையாக இறங்கினார். விரல் நின்றது. நம்பரை எங்கள் விண்ணப்பத்தின் மூலையில் எழுதினார். கட்டணத்துக்கு முத்திரை வாங்கி ஒட்டினோம். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமையும் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் போனது. நோனா பிரதியை நீட்டினார். வாயோரத்தில் சிரிப்பு இருந்தது. அத்தை முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கொஞ்சம் மங்கலா இருக்கு. இன்னொரு தடவ குத்துங்க நோனா." அவரும் குத்திக் கொடுத்தார்.

பஸ்ஸில் என்னை வாசிக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம வாசி. இப்ப வாசிச்சா ருசி போயிரும்" என்றாள். அதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். சொன்னவள் அவள்தானே.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் லயத்து ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். கணக்கப்பிள்ளை வெள்ளை வேட்டியோடு நாற்காலியில் இருந்தார். மற்றவர்கள் தரையில். எங்கள் வீட்டு முறை வந்ததும் அத்தை எழுந்தாள். விழத்தான் போகிறாள் என்று நினைத்தோ என்னவோ, அவர் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தார். அத்தை இடுப்பிலிருந்து கடதாசியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"வாசி குட்டி."

என் குரல் வெளியே வரவில்லை. பின்னாலிருந்து யாரோ கேட்கவில்லை என்றார்கள். நான் சிங்களத்தில் ஒரு வரி வாசிப்பதும் அதைத் தமிழில் சொல்வதுமாகப் போனேன். குற்றம் வாசித்துக் காட்டப்பட்டது. குற்றத்தை ஏற்றுக்கொள்கிறார். வருந்துகிறாரா என்று கேட்கப்பட்டது. இல்லை என்கிறார்.

முற்றத்தில் ஒரு சலசலப்பு. கணக்கப்பிள்ளை கையை உயர்த்தினார். "பச்சப் புள்ளைக்கு என்னா தெரியும். பிழையா வாசிக்குது."

"அப்ப நீங்க வாசிங்க ஐயா" என்றாள் அத்தை. "உங்க சிங்களம் நல்ல சிங்களமாச்சே."

அவர் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்து, "கண்ணாடி கொண்டுவரல்ல" என்றார்.

கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒருத்தியிடமிருந்து அடுத்தவளுக்குப் போனது.

"முதல்ல இருந்து வாசி" என்றாள் அத்தை. "சத்தமா."

இரண்டாவது தடவை என் குரல் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதற்குப் பிறகு அப்படி வந்ததும் இல்லை. வருந்துகிறாரா என்று கேட்கப்பட்டது, இல்லை என்கிறார். செய்ததற்குக் காரணம் கேட்கப்பட்டது, முறைப்பாட்டாளருக்கு, அதாவது பொலிஸுக்குப் போனவருக்கு, தெரியும் என்கிறார். அபராதம் விதிக்கப்படுகிறது. அபராதம் அன்றே செலுத்தப்பட்டது.

காலில் விழுந்ததாக ஒரு வரியும் இல்லை. மன்னித்ததாகவும் இல்லை. வரிப் பணம் எடுக்கிறவர் எழுந்து வந்து எங்கள் அப்பாவிடம் கையை நீட்டினார். கணக்கப்பிள்ளை காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். திருவிழா நடந்தது, தலைவருக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள்.

அந்தக் கடதாசியை அத்தை பசாரில் கொடுத்துக் கண்ணாடி போட்டு, இஸ்தோப்புச் சுவரில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை தினமும் ஸ்டோருக்குப் போகும் பாதை அதற்கு எதிரே. இப்போது அது என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் பார்க்கட்டும்.

வாசித்தது நான்தான். ஆனால் நான் வாசித்ததில் எதையும் விளங்கிக்கொள்ளவில்லை. முறைப்பாட்டாளருக்குத் தெரியும் என்ற வரி வந்தபோது அம்மா எழுந்து வீட்டுக்குப் போனதைக் கண்டேன். அடுப்பில் சோறு இருக்கிறது போல என்று நினைத்தேன். அந்த ஆள் அளவு மேசையருகே அம்மாவின் கையைப் பிடித்து இழுத்ததும், அவள் பெயர் கோர்ட்டில் வந்துவிடக் கூடாது என்று அத்தை காரணத்தை விழுங்கியதும் எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் தெரியும். அம்மாவே ஒருநாள் சொன்னாள், அதுவும் ஒரே ஒரு தடவை.

அந்த வழக்கு நடந்ததிலிருந்து அம்மாவின் காதில் தோடு இருக்கவில்லை. துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். பால் வெட்டப் போன இடத்தில் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். அபராதம் அன்றே செலுத்தப்பட்டது என்று ஊர் முழுக்கக் கேட்க வாசித்த நான், அது எந்தக் காசு என்று யோசிக்காமல், மறுநாள் காலையில், வழக்கம்போல, ரப்பர் மரங்களுக்கு அடியில் சருகை விலக்கி விலக்கி அந்தத் தோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். மரம் வெட்டிக்கொண்டிருந்த அத்தை என்னைப் பார்த்தாள். தேட வேண்டாம் என்று சொல்லவில்லை.