தங்கைக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை

நேந்திரங்காய் சிப்ஸ் வறுபடும் வாசனை வந்தாலே எனக்கு இன்றும் வயிறு புரளும். எனக்கும் தங்கை கோமதிக்கும் ஒன்றாகக் காசநோய் வந்தது. தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் என் வீட்டிலேயே தங்கி, இருவரும் ஒரே மாத்திரைகளை விழுங்கினோம். அவள் கன்னம் மினுமினுத்தது. நான் தினமும் வாந்தி எடுத்தேன். அவளுக்கு ஒத்துக்கொள்வது எனக்கு ஒத்துக்கொள்ளாதா என்ற பொறாமையில் யாரிடமும் சொல்லவில்லை.

இருமல் நின்றதும் குற்றாலம் போனோம். தோளெல்லாம் அருவி சிதற அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் சிப்ஸ் கடை வாசலில் குமட்டி உட்கார்ந்துவிட்டேன். சொட்டச் சொட்ட ஓடிவந்து என் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"யக்கா, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே. ஏன் சொல்லல?"

தென்காசி டாக்டர் மாத்திரையை உடனே நிறுத்தினார். கல்லீரல் கெட்டிருந்தது, இன்னும் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாம். "இந்த மருந்தை முறித்து வெளியேற்றும் நொதியை உண்டாக்க ஒரு மரபணு இருக்கும்மா. உங்களுக்கு அது மெதுவா வேலை செய்யுது போல" என்றார். பரிசோதனையும் அதையே சொன்னது. ஒரே வயிற்றில் பிறந்தும் நல்லதை இவளே எடுத்துக்கொண்டாளே என்று அப்போதும் மனம் எரிந்தது.

மருந்தை மாற்றி, மெல்லக் குணமானேன். இப்போதெல்லாம் எந்த மாத்திரையானாலும் முதல் குமட்டலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன்.

தன் ஊரான வீரகேரளம்புதூருக்குக் கிளம்பிய கோமதியிடம் பஸ் ஸ்டாண்டில், "ஏட்டி, ஒனக்கு வாந்தி வந்தாலும் மறைக்காத" என்றேன்.

ஜன்னல் வழியே சிரித்தாள். "எனக்கு எங்க வருது, யக்கா?"