ஒரகடத்தில் நாங்கள் தேடிப் போன செடி

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஒரகடம் வழியாகப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நான் அந்த வழியில் முதன்முதலாகப் போனது 1991 நவம்பரில். சாமி கும்பிட அல்ல, ஒரு செடியைத் தேடி.

அப்போது நான் சென்னையில் கணினி ஆராய்ச்சி மாணவன். ஒரு பக்கத்திலிருந்து தொடர்புள்ள இன்னொரு பக்கத்துக்குத் தாவிப் படிக்கும் மீயுரைதான் என் பாடம். தாவரவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் தோழி மாலதி, செடிகளின் விவரங்களை எடுத்துக்காட்டாக வைத்து நான் எழுதிய நிரலைப் பார்த்ததுமே முகம் சுளித்தாள்.

"ஒரு செடிய ஒரே பெட்டியிலதான் வைக்க முடியுமா? இந்தச் செடிய ரெண்டு நிபுணருங்க ரெண்டு இனத்துல சேர்த்திருக்காங்க. ரெண்டுக்கும் காரணம் இருக்கு."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். பக்கங்களை எழுதிவிட்டு இணைப்பதற்குப் பதிலாக, வகைப்படுத்தும் அமைப்பையே முதலில் வைத்தேன். ஒரே செடி இரண்டு அமைப்பிலும் நிற்கும், காரணமும் கூடவே நிற்கும். நீதிமன்ற வழக்குகளுக்கும் மொழி ஆராய்ச்சிக்கும்கூட இது உதவும் என்று கனவு கண்டோம்.

ஒருவர் பூவை வைத்தும் இன்னொருவர் காயை வைத்தும் அந்தச் செடியை வகைப்படுத்தியிருந்தார்கள். இரண்டுமே சரி என்று நிரூபிக்க ஒரே புதரிலிருந்து பூவும் காயும் வேண்டும். அந்தப் புதர்களை மாலதி ஒரகடம் பக்கம் பார்த்து வைத்திருந்தாள். பயண அனுமதி கேட்டோம். அவள் துறை "இது கணினி வேலை" என்றது, என் துறை "இது தாவரவியல்" என்றது. அந்த இழுபறியில் ஒரு மழைக்காலமே போய்விட்டது.

மறுவருடம், அதாவது 1991 நவம்பரில், அனுமதி கேட்காமலே கிளம்பினோம். தாம்பரத்தில் பேருந்து ஏறி, படப்பை வரை நின்றுகொண்டே பயணம். ஒரகடத்தில் இறங்கி, தேநீர் குடித்துவிட்டு வல்லக்கோட்டைச் சாலையில் நடந்தோம். கொஞ்ச தூரத்திலேயே மாலதி நின்றுவிட்டாள். புதர்க்காடு இருந்த இடத்தில் வெறும் செம்மண், அங்கங்கே தேங்கிய மழைத் தண்ணீர்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அருகில் வந்தார். "இன்னாம்மா தேடிகினு கீறீங்க?"

மாலதி முன்பு இங்கே ஒடித்து வைத்திருந்த, பூவும் காயும் இல்லாத காய்ந்த கிளையைக் காட்டினாள்.

"இதுவா? போன மாசம் மிஷின் வெச்சி வழிச்சிட்டாங்கோ. கம்பெனி வரப்போவுதாம்."

"வேற எங்கயாவது இருக்குமாம்மா?"

"நான் பாக்கல கண்ணு. இங்கதான் கெடந்திச்சி."

ஏரிக்கரை, கோயிலின் பின்புறம் என்று சாயங்காலம் வரை அலைந்தோம். கிடைக்கவில்லை. திரும்பும் பேருந்தில் மாலதி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "எந்தத் துறைக்கு எது உதவும்னு அவ்வளவு பேசினோம். கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றாள்.

ஆதாரம் இல்லை என்று அவள் ஆய்வேடு திரும்பி வந்தது. ஆராய்ச்சியை விட்டுவிட்டு வங்கி வேலைக்குப் போனாள். என் ஆய்விலும் அந்த அத்தியாயத்தை நீக்கச் சொன்னார்கள். சில வருடங்களில், இதே யோசனைக்கு வெளிநாட்டில் பெயர் வைத்துக் கருத்தரங்கு நடத்தினார்கள். அந்தக் கட்டுரைகளை மாலதிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை.

இப்போது அந்தச் சாலை அகலம். ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், கம்பெனி பஸ்கள் வழிவிடாது. கிருத்திகையன்று கோயிலில் கூட்டம் நெரியும். நடப்பதானால் குடை அவசியம், நிழல் கிடையாது. ஆராய்ச்சிக்காக எதையாவது எடுத்துவரப் போகிறீர்களா? அனுமதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். முதலில் போய்ப் பறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.