ரோகு மீனின் செதில்

பர்மாவில் மோல்மீன் ஊர்ச் சந்தையில் மீன் விற்கும் ட்வே யீக்குத் தனாக்கா பூசுவது சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரிதான். காலையில் தனாக்கா மரப்பட்டையைச் சந்தனம் போலக் கல்லில் உரசி, குழம்பை அள்ளித் தன் கன்னத்தில் ஒரு அப்பு, ஏழு வயது மகள் தீரியின் கன்னத்தில் ஒரு அப்பு. வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருந்தால் போதாதா?

பக்கத்துக் கடைக் கீரைக்காரி சான் நூவுக்குப் போதாது. அவள் கன்னத்தில் தினமும் ஒரு புதுப் படம் இருக்கும். ஒரு நாள் வெற்றிலை, ஒரு நாள் பிறை, மழை வந்தால் குடை. வாங்க வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீரையையே பார்ப்பார்கள். மூன்று வருடமாக ட்வே யீக்கு வயிறு எரிந்தது. அந்தக் குடையில் ஒரு கம்பியாவது கோணலாக இருக்கக் கூடாதா என்று தேடித் தேடிப் பார்ப்பாள். இருக்காது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பிய தீரி நேரே கீரைக் கடைக்குள் நுழைந்து, அம்மா பூசிய தனாக்காவைக் கீரைத் தண்ணீரில் கழுவிவிட்டு, சான் நூவிடம் கன்னத்தை நீட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். கத்தியைப் பலகையில் ஓங்கிப் போட்டாள்.

"என் புள்ள மூஞ்சில உனக்கென்னடி வேலை?"

"நானா கூப்பிட்டேன்? அவளாத்தானே வர்றா, அக்கா!"

அந்த 'அவளாத்தானே' தான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை கடையிலேயே தீரியைப் பிடித்து உட்கார வைத்தாள். பல்துலக்கியால் ஒரு பூ வரைந்தாள். நசுங்கிய நண்டு வந்தது. அழித்தாள். சீப்பால் இழுத்தாள். அதுவும் உதவவில்லை. தீரி கண்ணாடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ட்வே யீக்கு அழுகையே வந்தது. ஆத்திரத்தில் கையை உதறியபோது பலகையில் கிடந்த பெரிய ரோகு செதில் ஒன்று விரலில் ஒட்டியது. அதன் விளிம்பைக் குழம்பில் தொட்டுக் கன்னத்தில் வைத்தாள். அழகாக ஒரு வளைவு விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று, அதன் கீழே ஒரு வரிசை. கன்னம் முழுக்க மீன்.

மாலையில் தீரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒரே நாத்தம்மா! மூணு பூனை பின்னாலயே வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

ட்வே யீ தலைகுனிந்தாள். "சரி, நாளைக்கு அவகிட்டயே போ."

"மாட்டேன். எனக்கு மீனுதான் வேணும். செதிலை மட்டும் சோப்பு போட்டுக் கழுவு."

அன்று ட்வே யீ அந்தச் செதிலை நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் தீரி கன்னத்தில் மீனோடு கீரைக் கடையைத் தாண்டி நடந்தாள். நிற்கவில்லை. சான் நூ அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீரைக்கத்தியைத் தூக்கிப் பலகையில் படாரென்று போட்டாள்.

அந்தச் சத்தம் என்னவென்று ட்வே யீக்குத் தெரியாதா? மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு ருசித்தது.