எஞ்சின்காரருக்கு வைத்த பரீட்சை

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன புதிதில், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் அலுவலகத்தில் பெரிய கிளாக்கர். எஞ்சின் ஓட்டுகிறவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும், இல்லாதவர் எழுத்துப் பரீட்சையில் தேற வேண்டும், தவறினால் தேயிலை மலையில் கூலி வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் எஞ்சின்காரர் இருபது வருடமாகத் தேயிலைப் பெக்டரியை ஓட்டியவர். அவரிடம் பிறப்புச் சான்றிதழே கிடையாது. நல்லவேளை, மெல்ல எழுத வரும்.

பெக்டரி மாடியில், பலகைத் தரை போட்ட அறையில் பரீட்சை. மேற்பார்வைக்குக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி; விதிகளை வாசிக்க நான். அனுமதியில்லாமல் எழுந்தால் தோல்வி என்பதை இரண்டு முறை வாசித்தேன். அப்படிப்பட்ட வாக்கியங்கள் எனக்குப் பிடிக்கும். கீழே, சான்றிதழோடு வந்த புதியவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் கேள்வியில் எஞ்சின்காரரின் பேனா நின்றது.

“ஐயா, எஞ்சின நிப்பாட்டச் சொல்லுங்க. சாப்ட்டு பேரிங்கு எரியப்போவுது.”

எனக்கு வித்தியாசமாக ஒன்றும் கேட்கவில்லை. “பரீட்சையில பேசக்கூடாதுய்யா.”

“பேசலீங்க, கெஞ்சுறேன்.”

அதிகாரி மணிக்கூட்டைக் காட்டினார். இன்னும் முக்கால் மணி நேரம். எஞ்சின்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து ஓடினார்.

எஞ்சின் அடங்கிய பிறகுதான் நாங்கள் இறங்கினோம். மேலே, பரீட்சை அறையின் தரைப் பலகைக்கு அடியில், எஞ்சின் சுழற்றும் நீள இரும்புத் தண்டான சாப்ட்டின் பேரிங் நீலம் பாரித்திருந்தது. உள்ளிருந்து உலோகம் உருகிச் சொட்டியது. அதன் நேர் கீழே, கொழுந்து உருட்டும் ரோலரைச் சுற்றி ஆறு பேர். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் சாப்ட்டு அவர்கள் தலையில்தான். புதியவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நம்பாத அதிகாரி ஏணியில் ஏறித் தொட்டு, விரலைச் சுட்டுக்கொண்டார்.

“மேல இருந்து எப்பிடிய்யா தெரிஞ்சுச்சு?” என்றேன்.

“வெறுங்கால்லதாங்க. தரை அதிர்றது மாறுச்சு. நீங்க ரெண்டு பேரும் சப்பாத்து போட்டிருக்கீங்க.”

மாடியேறிய அதிகாரி, பேனா பிடிக்க முடியாமல், என்னை எழுதச் சொன்னார்: ‘அனுமதியின்றி வெளியேறினார். தோல்வி.’

விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. விதி சரிதான், வாசித்தவனே நான்தானே. எழுதினேன். சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன். அதை என் கைதான் செய்தது என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்தபோது, மலையில் மழைநீர்க் கான் வெட்டப் போகிறவர்களோடு அவர் பெயரும் வந்தது. மம்பட்டியை வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“இதுக்குப் பரீட்சை கிடையாதுங்களா ஐயா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லா விதியும் தெரிந்த நான் குனிந்து, பெயரேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘கான் வெட்டு’ என்று எழுதினேன்.