மேலே வைத்த சேறு

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவுச் சாமுண்டீஸ்வரி வலை பிடித்தவள் அல்ல. இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பற்களால் கடித்துக்கொள்வாள். வாயில் பறி இருந்தால் பேச முடியாது. அதனால்தான் கரையேறியதும் இத்தனை பேச்சு என்று கணவன் எல்லப்பன் கேலி செய்வான்.

1982இல் ஒரு தோல் பதனிடும் நிறுவனம், அவள் இறங்கும் கரையில் பீப்பாய்களைக் கொண்டுவந்து போட்டது. அவை துருப்பிடித்து, மஞ்சள் கழிவு சேற்றில் இறங்கியது. அடுத்த ஆண்டு அவள் விரல்களில் புண்கள் வந்தன. சிறியவை, ஆழமானவை, ஆறாதவை. பீப்பாய்களை அகற்றி, கெட்ட சேற்றையும் வெட்டி எடுக்க வேண்டும் என்று அரசுக்கு மனு மேல் மனு போட்டாள்.

அதன்பேரில் 1984 மார்ச்சில் எங்கள் அரசு ஆய்வகத்திலிருந்து பொறியாளர் தங்கவேல் மண் மாதிரி எடுக்கப் போனார். மாதிரிகளைப் பெற்றுப் பதிவது சென்னையில் என் வேலை. நான்கு குழி தோண்டி, குழிக்கு இரண்டு ஜாடி வீதம் நிரப்பினார். ஒரே மண்ணை இரண்டாகப் பிரிப்பது எங்களை நாங்களே சோதித்துக்கொள்ள. இரண்டும் ஒரே விடை தந்தால்தான் சோதனையை நம்பலாம். நிரப்பிய உடனே மூடியில் அரக்கு வைத்து முத்திரையிட வேண்டும். அரக்கும் முத்திரையும் பையிலேயே இருந்தன. தங்கவேலுக்குப் பசித்தது. ஜாடிகளைச் சாமுண்டீஸ்வரியின் குடிசையில் வைத்துவிட்டு, பழவேற்காட்டுக்குப் பிரியாணி சாப்பிடப் போனார். திரும்பி வந்துதான் முத்திரை வைத்தார்.

தோல் பதனிடும் குரோமிய நச்சின் அளவில், ஒவ்வொரு குழியிலும் ஒரு ஜாடிக்கும் அதன் இணைக்கும் பல மடங்கு வேறுபாடு வந்தது. ஒரே குழிக்கு இரண்டு விடை சொல்லும் ஆய்வு செல்லாது என்று விசாரணையில் வாதிட்டார் நிறுவனத்தின் வக்கீல். எட்டு ஜாடிகளும் தள்ளுபடி.

தங்கவேலுடன் நானும் தோணிரேவுக்குப் போனேன். அவள் எதையும் மறைக்கவில்லை.

"ஆமா சார், நான்தான். பீப்பாகிட்ட போயி நல்ல மஞ்சளா அள்ளியாந்து, குழிக்கு ஒரு ஜாடியில மேலாக்க வெச்சேன். யாவாரி வந்தா பெரிய இறால கூடையில மேலதானே வெப்போம்? பாக்கறவன் கண்ணுல பட வேணாமா?"

"ஏம்மா, அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினார் தங்கவேல்.

"உனுக்கு கீதா? சாராயக்கடை பாட்டிலுக்கே சீலு வெச்சிக்கீறான். எங்க பொழப்ப மூடி தொறக்கறாப்பல வெச்சிட்டு நீ துன்னப் போன!"

அவள் கை படாத நான்கு ஜாடிகளிலேயே, நல்ல மண்ணில் இருப்பதைப்போல நாற்பது மடங்கு குரோமியம் இருந்தது. அதை நான் அவளிடம் சொன்னேன்.

"அப்ப நான் வெக்காமலே இருந்தா?"

"அதுவே போதும்மா. ஜெயித்திருப்பீர்கள்."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் மீது எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. இறால் விற்பவள் தனக்குத் தெரிந்தபடி செய்தாள். படித்துச் சம்பளம் வாங்கியவர் தனக்குத் தெரிந்ததைச் செய்யவில்லை. அறிக்கையில் 'கிராமத்தாரின் குறுக்கீடு' என்று எழுதினார்கள். பிரியாணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தங்கவேலுக்கு மறு ஆண்டே பதவி உயர்வு. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

மறுபடி மாதிரி எடுக்கக் கேட்டேன், பணமில்லை என்றார்கள். அதற்குள் நிறுவனம் பீப்பாய்களை மட்டும் தூக்கிக்கொண்டு, சேற்றின் மேல் வெள்ளை மணலைப் பரப்பியது. 1987இல் ஒரு அதிகாரி வந்து, ஒரு பிடி மண்கூடத் தோண்டாமல், கரை சுத்தமாக இருப்பதாகக் குறித்துக்கொண்டார். நானும் உடன் இருந்தேன். சாமுண்டீஸ்வரி அவர் முன்னால் வந்து, குழி விழுந்த இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இந்தா, மாதிரி. இதுக்கு அரக்கு வெச்சி எடுத்துக்கினு போ."

அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். இறங்க அவளுக்கு வேறு கரை இல்லை. பறியை எடுத்துப் பற்களில் கடித்துக்கொண்டு, அதே சேற்றில் இறங்கினாள்.